சல்லடை சாரும் ஒரு நீல நூலும்

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். அந்த மண்ணையும் சலித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்ட ஒரே ஆள் சல்லடை சார்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. லாட்ஜ் நோட்டில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் மாத வாடகைக்குக் குடியிருந்த அந்த லாட்ஜில் யாரும் அதைப் படித்ததில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மேட்டில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் அவர் ஒப்பந்த ஆய்வாளர். ஐம்பதை நெருங்கிய மனிதர், தினமும் விடிந்ததும் ஒரு கிழட்டு மொபெட்டின் பின்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு சல்லடையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். மில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். அதற்குப் பிறகு அவருக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

அவர் அறையில் ஒரே ஒரு கட்டில். அதில் சீட்டு ஒட்டிய மண் பைகள் வரிசையாகப் படுத்திருக்கும். சார் தரையில் படுத்திருப்பார்.

"மண்ணைக் கட்டில்ல போட்டுட்டு நீங்க ஏன் சார் கீழ படுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நான் புரண்டு படுத்தா ஒண்ணும் ஆகாதுங்க. அது புரண்டா வரலாறு மாறிப் போயிருமுங்க."

ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எதிராளியைக் கீழே தள்ளி மிதிக்கிற கேள்வியைக்கூட 'ங்க' போட்டு, மரியாதையாகத்தான் கேட்பார்.

லாட்ஜுக்குக் கீழே காதர் பாயின் டீக்கடை. ஒரு நாள் காலை சார் டீக்கு முன்னால் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இன்னிக்கு வடை போட லேட்டாயிருச்சுங்களா?"

பாய் திகைத்துப் போனார். "மாஸ்டர் வரல. உங்களுக்கு யாரு சொன்னாக?"

"கூடைதானுங்க. அடியில எல்லாம் வெறும் டீ கப்பு. பாதிக்கு மேலதான் வடை பேப்பர் வருது. அடியில கிடக்கறது முதல்ல விழுந்தது, மேல கிடக்கறது அப்புறம் விழுந்தது. யாரும் கிளறாம இருந்தாச் சரிங்க."

"கிளறுனா?"

"கிளறுனா எதையும் சொல்ல முடியாதுங்க."

பாய்க்கு அன்றிலிருந்து சார் மேல் பெரிய மரியாதை. அந்த மரியாதையில்தான் தன் குடும்பச் சொத்தைப் போல வைத்திருந்த விஷயத்தை எடுத்து நீட்டினார்.

"மலைக்கோட்டையிலருந்து மதுரைக்குச் சுரங்கம் இருக்கு சார். எங்க அத்தா சொல்லிருக்காக. ராணி குதிரையிலேயே போயிட்டு வருவாகளாம்."

சார் முழுவதையும் கேட்டார். குதிரை என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தோண்டுன மண்ணு எங்கீங்க பாய்?"

"எந்த மண்ணு?"

"இங்கிருந்து மதுரை வரைக்கும் குடைஞ்சா உள்ள இருந்த கல்லையும் மண்ணையும் வெளிய கொண்டாந்து கொட்டணுமில்லீங்களா? இன்னொரு மலையே நிக்கணுமுங்க. அந்த மலை எங்கீங்க?"

பாய் டம்ளரை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். நான்கு நாள் சாரின் டீயில் சர்க்கரை விழவில்லை. ஐந்தாம் நாள் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"அம்புட்டு மண்ணையும் மூட்டை கட்டி, கொஞ்சம் கொஞ்சமா வித்துருப்பாக சார்."

"இருக்கலாமுங்க. வாங்குனவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, போயிப் பார்த்துரலாம்."

சர்க்கரை மறுபடியும் ஒரு வாரம் நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அடுத்த முறை எனக்கு என்று தெரியாமல்.

அப்போது நான் ஒரு சிறிய மாலைப் பத்திரிகையில் நிருபர். அதோடு கைபேசியில் சொந்தமாக ஒரு சேனலும் நடத்தினேன். பத்திரிகை எனக்குச் சம்பளம் கொடுத்தது. சேனல் கொழுப்பைக் கொடுத்தது. சாரின் மேட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு தோண்டும்போது பெரிய பெரிய தாழிகள் வந்தன. அந்தக் காலத்தில் சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உயிரோடு அதற்குள் உட்கார வைத்து, விளக்கேற்றி, மூடிப் புதைத்துவிடுவார்கள் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அது போதும். பின்னணியில் வயலின் அழ, நானும் தொண்டை கரகரக்க, ஒரு வீடியோ போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். சார் இரண்டு முறை பார்த்தார், அழவில்லை.

"நல்லாப் பேசறீங்க நிருபரே. ஒரு சந்தேகமுங்க. இந்தப் பெரியவருக்கு என்ன வயசிருக்கும்?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பயறு அளவுக்கு ஒரு பல்.

"அந்தத் தாழிக்குள்ள இருந்ததுங்க. பால் பல்லு. விழறதுக்கு முன்னாடியே அந்தக் குழந்தை போயிருச்சு. கூடவே இன்னொரு ஆளோட எலும்பும் கிடக்குது. தொடையெலும்பு மேல மண்டையோட்டை வெச்சு, பொறுக்கி அடுக்கியிருக்காங்க. உயிரோட உட்கார்ந்தவரு அப்படி உட்கார முடியாதுங்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப ஊரே பொய் சொல்லுதா சார்?"

"அப்படிச் சொல்லாதீங்க. இம்புட்டுப் பெரிய பானை எதுக்குன்னு சனம் யோசிச்சிருக்குது. கேள்வி நல்ல கேள்விதானுங்க. பதிலைத்தான் நாம கொஞ்சம் சரிபார்க்கணும்."

'இம்புட்டு' என்ற சொல்லை அவர் எங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார். அன்றிரவே வீடியோவை எடுத்துவிட்டேன். மறுநாள் முதல் நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்த மேட்டுக்குப் போய்விடுவேன். முதலில் அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன், போகப்போக சல்லடை பிடிக்கவும் விட்டார்.

இப்படி ஊரார் கதையையெல்லாம் உரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு பெரிய குறை உண்டு. இருபது வருடம் யார் யாருடைய குழியிலோ தோண்டியிருக்கிறார். அவர் கண்டுபிடித்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. இந்த மேட்டில்தான் முதன்முதலாக ஒரு குழியை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதற்கும் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. பெரிதாக ஏதாவது கிடைத்தால்தான் அடுத்த வருடமும் தோண்டுவார்கள், அவரையே தலைமையாகப் போடுவார்கள்.

முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அது கிடைத்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு சிவப்புப் பானை ஓடு. அதில் கீறிய நான்கு எழுத்துகள். குழியின் அடியில், மிகப் பழைய மண்ணடுக்கில் கிடந்தது. சார் அதைக் கைக்குட்டையால் மூடிவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். அன்றைக்கு 'ங்க' போடக்கூட மறந்துவிட்டார். "எழுத்து" என்று மட்டும் சொன்னார்.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே அது தமிழ்நாட்டின் முதல் எழுத்தாகி, சாயங்காலத்துக்குள் உலகத்தின் முதல் எழுத்தாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அந்த நான்கு எழுத்துக்கு நாற்பது அர்த்தம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஷாமியானா போட்டு விழா வைத்தார். பெரிய அதிகாரி வருவதாக உறுதியானது. ஃப்ளெக்ஸில் சாரின் படம், கையில் சல்லடையோடு. என் பத்திரிகையில் எனக்கு முதல் பக்கம் முழுவதும் ஒதுக்கினார்கள். "பொறுங்க, இன்னும் கீழ பார்க்கணுமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் சார்தான். ஆனால் அவரும் ஒரு புதுச் சட்டை எடுத்திருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓட்டுக்குக் கீழேயிருந்து அள்ளிய மண்ணை நான் சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடையில் விரல் நீளத்துக்கு ஒரு நீல நூல் தங்கியது. காய்கறி மூட்டை தைக்கும் பிளாஸ்டிக் நூல்.

பாய் கடைக் கூடை எனக்கு ஞாபகம் வந்தது. பழைய ஓட்டுக்கும் கீழே நேற்றைய பிளாஸ்டிக் கிடந்தால், அந்த இடத்தை யாரோ கிளறியிருக்கிறார்கள். ஓடு அந்த அடுக்கைச் சேர்ந்ததே இல்லை. சார் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நூலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவருக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்துக்காகவும்தான்.

சாயங்காலம் பாய் கடையில் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிருபரே, டீயையும் வடையையும் ஒரே கையில வெச்சுச் சிரமப்படறீங்க. மதியத்திலருந்து இன்னொரு கை சட்டைப் பையை விட்டு எறங்கவே இல்லீங்களே."

நூலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "யாரும் பார்க்கல சார்" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றும் கூசுகிறது.

அவர் திட்டவில்லை. நூலை ஒரு சின்னப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டினார். "காலையில சுவரைச் சுரண்டிப் பார்ப்போமுங்க" என்றார். அவ்வளவுதான்.

விடிந்ததும் குழிச் சுவரில் தண்ணீர் தெளித்து, சிறு கரண்டியால் சீவினார். மேலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய கறுத்த மண் தெளிவாகத் தெரிந்தது. எலி வளை. ஓடு கிடந்தது அதற்குள்தான். சார் அதை அளந்தார், படம் எடுத்தார், புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார்.

"இந்த ஓட்டுல எழுத்து இருக்கறது உண்மைங்க. எத்தனை பழசுன்னு இந்தக் குழியை வெச்சுச் சொல்ல முடியாதுங்க. எலி மேலருந்து கொண்டாந்திருக்குது. கீழ பிளாஸ்டிக் நூலு கிடைச்சிருக்குது."

தலைவர் அவர் காதோரம் குனிந்து, "இத நாளைக்குச் சொல்லக் கூடாதா சார்? கேசரி வேற கிண்டிட்டோம்" என்றார். மைக் எல்லாவற்றையும் ஒலிபரப்பியது.

அதிகாரி எழுந்தார். "அந்த நூலை எடுத்தது யார்?"

நடந்ததை அவர் சொல்லிவிட்டால் அன்றோடு என் பிழைப்பு முடிந்தது.

"நிருபர் தம்பிதாங்க. நான் கவனிக்காம விட்டதை அவருதான் கொண்டாந்து கொடுத்தாரு."

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. முறைத்தவர்களே அதிகம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வருடத்தோடு மேட்டை மூடிவிட்டார்கள். ஒப்பந்தமும் நீளவில்லை. கிளம்பும் நாளில் மண் பைகளை வேனில் ஏற்றிக்கொடுத்தபோது அவருடைய பதிவு நோட்டைப் பார்த்தேன். 'நீல நூல், ஓட்டுக்குக் கீழ்.' பக்கத்தில், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

"நான் ஒளிச்சுல்ல வெச்சேன் சார்."

"கொண்டாந்து கொடுத்தீங்கல்லீங்க. அதைத்தான் எழுதோணும்."

காதர் பாய் அன்றைக்கு அவர் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார்.

இப்போது எந்த ஊரில், யாருடைய குழியில் இருக்கிறாரோ தெரியவில்லை. இன்றைக்கு நான் நாலு பேர் நம்பிப் படிக்கிற எழுத்துக்காரன் என்றால் அதற்கு அவர்தான் காரணம். கோயிலுக்குப் போனால் எனக்காக வேண்டிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. எலி தொடாத ஓர் ஓடு அந்த மனிதர் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன்.