கடலில் நான் எடுத்த களை

“...எத்தினி புடுங்கினீங்கன்னு மட்டும் சொல்லுங்கணா. ஏன் புடுங்கினீங்கன்றத ஊருக்குப் போயி பேசிக்கலாம்.”

இடுப்பளவு கடலில், இரண்டு கையிலும் புல்லோடு நின்ற என்னிடம் இப்படிக் கேட்டவர் ஆட்டோக்காரர் ‘கடல்புல்லு’. திருவண்ணாமலை ஆட்டோ ஸ்டாண்டில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கடலைப் பார்க்கவே பஸ்ஸில் மூன்று மணி நேரம் போகவேண்டிய எங்கள் ஊரில், கடலுக்காகக் கவலைப்பட்டு ஓடிய ஒரே ஆட்டோ அவருடையதுதான்.

மற்ற ஆட்டோக்களின் முதுகில் சாமி படம் இருக்கும். இவர் வண்டியில் கொழுகொழுவென்று ஓர் ஆவுளியா, அதாவது கடல் பசு, புல் மேய்ந்துகொண்டிருக்கும். அடி அண்ணாமலையில் பூ விற்கும் அம்மா ஒருவர் தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “இன்னா சாமிப்பா இது?” என்று கேட்டதற்கு, “புல்லு துன்ற சாமிமா” என்றாராம். மௌனம் தேடி ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருவர், பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோடு போய் இறங்குவதற்குள், ஆவுளியா என்ன சாப்பிடும், எப்போது மூச்சு வாங்கும் என்பதுவரை கற்றுக்கொண்டு இறங்கினார்.

கடல்புல்லுவின் தங்கை காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு போனது தொண்டிப் பக்கம் ஒரு மீனவ ஊருக்கு. இழுவை வலை வழித்துப் போட்ட இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் மறுபடி கடல்புல் நடுகிறார்கள். மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி, கயிற்றில் புல்லைச் செருகிக் கடலடியில் இறக்குவார்கள். இவரும் வருஷா வருஷம் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்.

“அது பாசி இல்லணா. வேர் இருக்குது, பூ பூக்குது. மீன் குஞ்சு, நண்டு, எறா எல்லாம் அதுலதான் வளருது. மண்ணப் புடிச்சி வெச்சிக்கினு கீறதும் அதான்” என்று என் ஜெராக்ஸ் கடை வாசலில் மூன்று வருஷமாகச் சொன்னார். நானும் மூன்று வருஷமாகத் தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர உள்ளே ஒன்றும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை ஆள் கம்மி என்று என்னையும் கூட்டிப்போனார். பத்து வருஷமாகக் கோயிலில் உழவாரப்பணி செய்கிறவன் நான். மதில் இடுக்கில் முளைத்த புல்லை வேர் அறுபடாமல் உருவுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அவரும் தங்கையிடம், “புல்லு வேலைல நம்ம அண்ணன் கில்லாடி” என்றே அறிமுகம் செய்தார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கரையேறினார்கள். நான் மட்டும் சட்டங்களைப் பார்வையிட்டேன். காலையில் நட்டது குட்டைப் புல். பக்கத்துச் சட்டங்களில் நீளமாய் நாடா மாதிரி வேறொன்று ஆடியது. வயலில் இரண்டு தினுசு நின்றால் ஒன்று களை. என் உழவாரப் புத்தி விழித்துக்கொண்டது. குனிந்து குனிந்து, ஒரு வேர் அறுபடாமல் உருவினேன்.

அந்த நீளப் புல், போன வருஷம் அவர் தன் கையால் நட்டது. பாதிக்கு மேல் அலையில் போய், மிச்சம் இப்போதுதான் வேர் பிடித்திருந்ததாம்.

“கம்மிதான்பா, ஒரு இருபது இருக்கும்” என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அறுபதாவது மிதந்துகொண்டிருந்தது.

கரையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: “அண்ணே, மொதல்ல அந்தக் கில்லாடி கையக் கட்டிப் போடு.”

அவர் மிதந்ததையெல்லாம் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் திருப்பி வேரைப் பார்த்தார். “வேர் அறுக்காம எடுத்துக்கீறீங்க. காயறதுக்குள்ள நட்டா பொழச்சிக்கும்” என்றார். கரையேறி, ஒரு பக்கெட் கடல்தண்ணீரில் புல்லை நிறுத்தி, தன் தலைத் துண்டை அவிழ்த்து நனைத்து மேலே மூடினார். பிறகு நார்க் கயிற்றை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே கரையேறியிருந்த என்னிடம் வந்தார். கட்டத்தான் போகிறார் என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, முதல் புல்லைச் செருகினார்.