நான்காம் டம்ளர்ப் போர்

ஆறே வயதானவளும், முன்பற்கள் இரண்டைப் போன மாதம் களப்பலி கொடுத்தவளும், வீட்டாரால் குட்டி என்று விளிக்கப்படுபவளுமாகிய வீராங்கனை வாழ்க! அவள் வேட்கை பெரிதன்று. சாப்பாட்டு மேசைமேல் அணிவகுத்த ஏழு கண்ணாடி டம்ளர்களுள் ஒன்றைத் தன் கையால் ஒரே ஒரு முறை கரண்டிகொண்டு தட்ட வேண்டும். அவ்வளவே.

வீட்டில் ஓர் இசைக்கருவி செய்து, அதன் ஒலி ஏன் ஏறி இறங்குகிறது என்று வகுப்பில் விளக்கும்படி அக்காவைப் பணித்திருந்தார்கள். பாடம் அக்காவுடையது. ஆயினும், கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பல்சக்கரங்களைப் பதைபதைக்கச் செய்யும் பெருந்தொழிலாளராம் அவர்தம் தந்தை, வலக்கண்ணில் பூதக்கண்ணாடி செருகி, இடக்கையில் அடிக்கோல் ஏந்தி, யாரும் அழையாமலே படைத்தலைமை ஏற்றார். டம்ளருக்கு டம்ளர் அரை அங்குலம் நீர் குறைய வேண்டும் என்பது அவர் வகுத்த வியூகம்.

"அளவு சரியா இருந்தா சத்தம் தானா சரியா வரும். யாரும் கை வைக்கக் கூடாது!" என்று முழங்கினார். பாடத்துக்கு உரியவள் மேசை துடைக்கும் துணியோடு ஏவலாளாய் நின்றாள்.

தட்டினார். மூன்று டம்ளர்கள் படிப்படியாய் ஏறின. வேறொரு ஜோடியிலிருந்து வந்து சேர்ந்த வாயகன்ற நான்காவதோ, பாதி மாடி ஏறியவன் செருப்பை மறந்து திரும்பியதைப்போலக் கீழே இறங்கிற்று.

"அப்பா, அதுல தண்ணி ஜாஸ்தி" என்றாள் குட்டி.

"ஸ்கேல் சரின்னு சொல்லுது. உனக்கென்ன தெரியும்? தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள், சிங்கம் பதுங்குவதுபோல. பூதக்கண்ணாடிக் கண் வேறொரு டம்ளரின்மேல் கவிழ்ந்த அக்கணமே, கடலை உள்ளங்கையில் ஏந்திப் பருகிய முனிவரும் நாண, நான்காவதில் இரண்டு மிடறு குடித்துவிட்டாள். தந்தை அளந்தார், கால் அங்குலம் குறைந்தது, திகைத்தார், ஊற்றினார். அவள் குடித்தாள். அவர் ஊற்றினார். நான்கு முறை நிரம்பி நான்கு முறை வற்றிய அந்நீர்நிலையை நோக்கிப் படைத்தலைவர் பகர்ந்தார்:

"ஃபேன் காத்துல ஆவியாகுது!"

ஐந்தாம் முறை அடிக்கோல் பார்த்து ஊற்றிவிட்டு, விசிறியை நிறுத்தச் சென்றார். வந்தார். அளக்க மறந்து தட்டினார். நான்காவது டம்ளர் மூன்றாவதற்கு மேலே, ஐந்தாவதற்குக் கீழே, தனக்குரிய அரியணையில் கணீரென அமர்ந்தது.

"பாத்தீங்களா? ஃபேனை நிறுத்தினேன், சரியாயிடுச்சு!"

"ஃபேன் இல்லப்பா. அவ குடிச்சிட்டா" என்றாள் அக்கா, நாளைய பாடம் முழுவதும் சட்டென்று விளங்கிய முகத்தோடு. "தண்ணி குறைஞ்சா சத்தம் ஏறுது."

தந்தை, தன்னைக் காட்டிக்கொடுத்த ஒற்றனைப் பார்ப்பதுபோல அடிக்கோலைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கரண்டியை அக்கா பறித்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"இந்தாடி, நீ தட்டு."

திசைகள் அடங்கின. டம்ளர்கள் ஏழும் நடுங்கி நின்றன. ஐந்து போர் கண்ட அம்மாவீரச் செல்வி, தனக்கே உரித்தான செங்கோலென அக்கரண்டியை வாங்கி, வானுற ஓங்கினாள்.

அதற்குள் அவளுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது.