தட்டில் ஏறியவர்கள்

ஏழு அடுக்குக் கட்டடம் ஒன்றே அந்த நாடு. ஏழாம் அடுக்கில் தலைவர் குளித்தால் ஆறாம் அடுக்கில் மழை பெய்யும்.

ஷவருக்கு அடியில் தலைவர் நின்று குளிக்கும் வெள்ளைத் தட்டு மிக அகலமானது. அதன் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் தண்ணீர் இறங்கியது. நேர் கீழே செண்பகவல்லியின் வீடு. இருப்பது ஓர் அறை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறக்கும் பிள்ளையைக் கிடத்தக் காய்ந்த இடம் வேண்டும்.

செண்பகவல்லி மனுக் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து, தலைவர் இல்லாத வேளையில், தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. தலைவர் நிற்கும்போது சோதிப்பது மரபு அல்ல.

பிறகு ஆணைகள் வந்தன. ஒழுகல் என்ற சொல் நீக்கப்பட்டது. இனி அது மேலிட ஈரம். வீட்டுக்குள் குடை பிடிப்பது தலைவரை அவமதிப்பது. கீழே இறங்கும் நீர் அரசுடைமை. குடத்தில் பிடித்து மேலே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். மக்கள் சுமந்தார்கள். தலைவர் அதிலேயே மறுபடி குளித்தார்.

முணுமுணுப்பு கூடியதும் தேர்தல் அறிவித்தார்கள். விளிம்பை எதைக்கொண்டு அடைப்பது என்று மக்களே தீர்மானிக்கலாம். சிமெண்டும் தாரும் போட்டியிட்டன. சிலிக்கோன் பசையின் மனு தள்ளுபடியானது.

"வளைந்து கொடுக்கிறது. இழுத்தால் நீள்கிறது. உறுதியான ஆட்சிக்கு இது பொருந்தாது" என்றார் ஈரத்துறை அமைச்சர் குணபாலர்.

சிமெண்ட் வென்றது. பழைய பூச்சுகளின் மேலேயே பூசினார்கள். முன்னோர் பூசியதைச் சுரண்டுவது மரியாதை அல்ல. மறுநாள் தலைவர் ஏறி நின்றார். சிமெண்ட் வெடித்தது. கீழே, மகளின் தலைமாட்டில் கூரைக்காரை பெயர்ந்து விழுந்தது.

அன்று ஆறாம் அடுக்கினர் குடங்களோடு மேலே போனார்கள். குடங்களை இறக்கிவைத்துவிட்டுத் தட்டில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, அது தலைவர் நிக்கிற இடம்!" குணபாலருக்கு மேடைத் தமிழ் மறந்துவிட்டது.

"நிக்கலீங்களே ஐயா. உக்காந்திருக்கோம்" என்றான் அண்டைவீட்டுத் தவசி.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"பழசெல்லாம் சுரண்டுங்க. துடைச்சுக் காயவையுங்க. வளையுற பசையைப் போடுங்க" என்றாள் செண்பகவல்லி. "என் வீட்டுல பிள்ளை பிறக்கப்போகுது."

"சரி. எழுந்திரிங்க, போடுறோம்."

"நாங்க எழுந்ததும் மறுபடி சிமெண்ட அப்புவீங்க. உங்களத் தெரியாதா? காயிற வரைக்கும் இப்படியே இருக்கோம்."

தலைவருக்கு இரண்டு நாளாகக் குளியல் இல்லை. அவையில் யாரும் அவரை நெருங்க முடியாத நிலை. பசை வந்தது. உட்கார்ந்தவர்களைச் சுற்றிச் சுரண்டி, துடைத்து, பூசினார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் தவசி வாய் ஓயாமல் பேசினான். காய்ந்த பிறகே எழுந்தார்கள்.

தலைவர் குளித்தார். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"பசைத் தேர்வில் அரசின் தொலைநோக்கு" என்று அறிக்கை தயாரானது. பொறியாளர் குறுக்கிட்டார்.

"பசை நல்லதுதான் ஐயா. ஆனால் பாரம் ஏறினால்தான் தட்டு தாழ்ந்து விரிசல் முழுசாகத் திறக்கிறது. இத்தனை காலமும் காலித் தட்டில் அடைத்தோம். இவர்கள் உட்கார்ந்திருந்ததால் பசை உள்ளே போய்ப் பிடித்தது."

"அதை எழுதாதீர்கள்" என்றார் குணபாலர்.

எழுதவில்லை. ஆனாலும் செய்தி படியிறங்கியது. பேத்தி பிறந்த வாரம், மூன்றாம் அடுக்கிலிருந்து சிலர் செண்பகவல்லியைத் தேடி வந்தார்கள். அரிசி ஏற்றிவரும் லிஃப்ட் அவர்கள் அடுக்கில் நிற்பதே இல்லை.

"அக்கா, நாங்க எதுல ஏறி உக்காரணும்?"

காய்ந்த தரையில் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"உங்கள எதுல ஏறக் கூடாதுன்னு சொல்லிவச்சிருக்காங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அந்த லிஃப்ட் போய் நிற்கும் ஏழாம் அடுக்குக்குப் படியேறத் தொடங்கினார்கள்.