இட்வாலை நாடு கடத்திய சனிக்கிழமை

ஊர் ரக்பி கிளப் கமிட்டி மொத்தமும் வாசலில் வந்து நின்றபோது இட்வால் ப்ராஸர் ஒரு காலுறைதான் மாட்டியிருந்தார். வேல்ஸ் அணியின் சிவப்புக் காலுறை. இன்னொன்றை மாட்டுவதற்குள் அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

வந்தது நாலு பேர். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் செயலாளர் ஹெய்டன் பெய்னன். இட்வாலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கமிட்டியில் ஒரு பதவி கிடைத்துவிட்டால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததெல்லாம் எவனுக்கும் ஞாபகம் இருக்காது.

"இட்வால், மனசைத் தேத்திக்க. இன்னைக்கு மேட்சை நீ பார்க்கக் கூடாது," என்றார் ஹெய்டன்.

அன்றைக்கு மேட்ச் இங்கிலாந்தோடு. ஆறு நாடுகள் வருஷா வருஷம் மோதிக்கொள்ளும் ரக்பி பந்தயத்தில் வேல்ஸ் மற்ற நாலு பேரிடம் உதை வாங்கினால் பென்ட்ரிகிளாஸ் ஊரில் இரண்டு நாள் துக்கம். இங்கிலாந்திடம் வாங்கினால் அடுத்த வருஷம் வரைக்கும் துக்கம். இந்த வருஷம் ஏற்கெனவே மூன்று தோல்வி. கமிட்டிக் கணக்குப்படி மூன்றையும் இட்வால் பார்த்திருந்தார்.

அதற்கு அவர் என்ன செய்வார்? ஊரில் இருக்கிற எல்லோரும்தான் பார்த்தார்கள். அதைத்தான் அவரும் கேட்டார். ஹெய்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இட்வால் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்த வருஷம் வேல்ஸ் ஐந்து மேட்சிலும் ஜெயித்தது. அது அவருக்கும் தெரியும். அப்போது கிளப்பிலிருந்து வந்த வாழ்த்து அட்டையில் 'அவசரப்படாமல் நிதானமாகக் குணமாகி வாருங்கள்' என்று எழுதியிருந்ததை நல்ல மனசு என்று நினைத்து இத்தனை நாளும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்.

கிளப்புக்கு வரவில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிரான்ஸ் மேட்சை வீட்டில்தான் பார்த்தாய், என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சரி, மலைமேல் ஆட்டு மந்தைப் பக்கம் போய்விடுகிறேன் என்றார். போன தடவை ஸ்காட்லாந்து மேட்சுக்கு அங்கேதான் அனுப்பினார்கள். தொப்பிக்குள் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு போயிருந்தார். ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அந்த வாரமே கமிட்டி கூடி, கேட்பதும் பார்த்த கணக்குதான் என்று தீர்மானம் போட்டுவிட்டது.

"அப்ப சர்ச்சுக்குப் போறேன். அங்கயாவது நிம்மதியா இருக்கலாமா?"

நாலாவதாக நின்றவர் பாதிரியார். அவர் இருமினார். சர்ச்சைப் பூட்டிவிட்டுத்தான் கிளப்புக்கு வரப்போகிறாராம். சாவி தரலாமே என்று இட்வால் கேட்டதற்கு, உள்ளே அங்கியறையில் ஒரு டிவி இருக்கிறது என்பதைத் தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டார்.

மனைவி நெரிஸ் அடுப்படியிலிருந்து, தன் அம்மா வீட்டுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னாள். அந்தம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. ரெஃப்ரியைத் திட்டுகிற சத்தம் நாலு தெரு கேட்கும். அதுவும் சரிப்படாது. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. அன்றைக்கு மூன்று மணிக்கு மேட்ச் ஓடாத கூரை வேல்ஸ் நாட்டிலேயே கிடையாது.

"அப்ப நாட்டை விட்டே அனுப்பிடலாம்," என்றாள் நெரிஸ். விளையாட்டாகத்தான் சொன்னாள். கமிட்டி கையோடு பஸ் டிக்கெட் கொண்டு வந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எல்லையைத் தாண்டி இங்கிலாந்தில் ஒரு ஊர். அங்கே பாதிப் பேருக்கு ரக்பி என்றால் என்னவென்றே தெரியாது, கால்பந்துதான் பார்ப்பார்கள் என்று ஹெய்டன் அடித்துச் சொன்னார். அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

இட்வாலுக்கு மூக்கு விடைத்தது. எழுந்து நின்றார், ஒரு கால் சிவப்பும் ஒரு கால் வெறுமையுமாக.

"போறேன். ஆனா ஒண்ணு. நான் இல்லாமயும் வேல்ஸ் தோத்தா, கிளப்புல எல்லார் முன்னாடியும் நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். இனிமே ஒருத்தனும் ராசி கீசின்னு வாயைத் திறக்கக் கூடாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா, சாகுற வரைக்கும் இங்கிலாந்து மேட்ச் அன்னைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

கை குலுக்கினார்கள். பாதிரியார் சாட்சி. நெரிஸ் காதில் வைக்கப் பஞ்சும், வழிக்கு இரண்டு துண்டு பழரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். பஸ் பாதி தூரம் போன பிறகுதான் இட்வாலுக்கு உறைத்தது. தன் மானம் காப்பாற்றப்பட வேண்டுமானால் வேல்ஸ் தோற்க வேண்டும். அறுபத்து மூன்று வருஷமாக அந்த மனிதர் அப்படி ஒரு நினைப்பை மனசுக்குள் விட்டதில்லை. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டார்.

இறங்கிய ஊரில் மழை கொட்டியது. டீக்கடை மூடியிருந்தது. நூலகம் மூடியிருந்தது. திறந்திருந்தது ஒரே ஒரு பப். உள்ளே போனால் சுவர் முழுக்க டிவி, இங்கிலாந்து அணியின் வெள்ளைச் சட்டை போட்ட கூட்டம். ஹெய்டன் சொன்ன பாதிப் பேர் எல்லாம் வேறு ஊரில் இருந்தார்கள் போலிருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். கதவு என்று நினைத்துத் தள்ளியது சமையலறைக் கதவு. அங்கே சமையல்காரன் ரேடியோ வைத்திருந்தான். பின் முற்றத்துக்கு ஓடினார். முற்றத்து ஜன்னல் கண்ணாடியில் டிவியின் பிம்பம் இடம் வலம் மாறி அழகாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பது பார்த்த கணக்கா இல்லையா என்று கமிட்டி இன்னும் தீர்மானம் போடவில்லை. ஆனால் போடுவார்கள். அவர்களுக்கு வேறு என்ன வேலை?

முற்றத்தின் ஓரத்தில் பீர் பீப்பாய் வைக்கிற அறை. அதற்குள் நுழைந்து ஒரு காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பப் நடத்துகிற பெரில் அம்மாள் பீப்பாய் எடுக்க வந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். கழிப்பறை அந்தப் பக்கம் என்று கை காட்டினாள். இட்வால் பஞ்சை எடுத்துவிட்டு உண்மையைச் சொன்னார். தான் வேல்ஸில் பென்ட்ரிகிளாஸ்காரர் என்றும், தான் பார்த்தால் வேல்ஸ் தோற்கும் என்று ஊர் நம்புகிறது என்றும், அதனால்தான் இங்கே ஒளிந்திருப்பதாகவும்.

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

பித்தப்பை ஆபரேஷனிலிருந்து என்றார். அவள் போய் ஒரு கோப்பை டீயும் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். இங்கிலாந்துக்காரர்கள் அப்படி நல்லவர்களாக இருந்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று இட்வால் ரொட்டியைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

மேட்ச் ஆரம்பித்தது. பஞ்சு எதற்கும் உதவவில்லை. இங்கிலாந்து புள்ளி எடுத்தால் அந்தக் கூட்டம் போடும் கூச்சலில் பீப்பாய்கள் அதிர்ந்தன. முதல் கூச்சலுக்கு அவர் நெஞ்சில் ஒரு சந்தோஷம் குதித்தது. ஹெய்டன் மன்னிப்புக் கேட்கும் முகம் கண்ணுக்குத் தெரிந்தது. உடனே வெட்கம் வந்தது. தன் அப்பா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார். இரண்டாவது கூச்சலுக்குச் சந்தோஷப்படாமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. மூன்றாவதற்கு, தோற்றால்தான் தோற்கட்டுமே, அடுத்த வருஷம் கிளப்பில் உட்கார்ந்து நானே ஜெயிக்க வைக்கிறேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்புறம் கூச்சல் நின்றது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. இட்வாலுக்கு அந்த அமைதி பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி நிமிஷம். பெனால்டி உதைக்கு எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்கிற அமைதி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். யார் உதைக்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

நூறு பேர் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள்.

இட்வால் பீப்பாயை விட்டுக் குதித்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடினார். வேல்ஸ் ஜெயித்துவிட்டது. நாலு சுற்று ஆடிய பிறகு, போட்ட பந்தயம் ஞாபகம் வந்தது. கை தானாகக் கீழே இறங்கியது. ஆக, ஊர் சொன்னதுதான் நிஜம். அவர்தான் சனியன். இனி சாகிற வரைக்கும் வருஷம் ஒருமுறை இந்தப் பீப்பாய்தான். பழரொட்டியை எடுத்துக் கடித்தார்.

கதவு திறந்தது. பெரில் அம்மாள் வந்து எதிரே இருந்த பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்தவர் என்ற முறையில் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, மனசை விட்டுவிடாதீர்கள், விளையாட்டுதானே என்றார் இட்வால்.

"எப்படி ஐயா மனசு ஆறும்? என் வீட்டுக்காரர் பார்த்தா இங்கிலாந்து தோத்துடும்னுதான் காலையில முதல் பஸ்லயே அவரை உங்க பென்ட்ரிகிளாஸுக்கு ஏத்தி அனுப்பினோம். அங்க எந்தப் படுபாவி அவரைக் கிளப்புக்குக் கூப்பிட்டு டிவி முன்னாடி உட்கார வெச்சானோ."