மலையைப் பார்க்காத கடைசிப் பந்தி

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டே மலையை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காத மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்து வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். கடல் கடந்து விமானம் ஏறி வருகிறவர்கள் கண்கலங்கிப் பார்க்கிற மலை அது. இவர் சன்னலைத் திறந்தால் போதும், எதிரே நிற்கும். ஆனால் அவருடைய பார்வை என்றைக்கும் இலையை விட்டு மேலே ஏறியதில்லை. நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் செங்கம் சாலையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். பள்ளி நாள்முதல் மேடை ஏறிவரும் நான் ஆதாரமின்றி எதையும் பேசுவதில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தெருவில் அது யாருக்கும் தெரியாது. பம்புசெட் உதிரிபாகங்களைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். மாவட்டம் முழுவதும் பைக்கில் சுற்றுவார். எந்த விருந்துக்குப் போனாலும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். ஆகவே அவர் கடைசிப் பந்தி ஆனார். காரணம் கேட்டவர்களுக்கு ஒரு தத்துவம் தயாராக இருந்தது.

"மொத பந்தியில சாப்பிடறது பொண்ணு பாக்கப் போற மாதிரி தம்பி. எல்லாம் பவுடர் பூசிக்கினு நிக்கும். கடைசிப் பந்திதான் குடித்தனம். சமையக்காரன் யாருன்னு அப்பதான் தெரியும்."

குடித்தனம் என்றால் என்னவென்றே அறியாத பிரம்மச்சாரி ஒருவர் இவ்வளவு உறுதியோடு பேசியது, பேச்சாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பட்டிமன்றங்களுக்காக ஊர் ஊராகப் போக வேண்டியிருந்த நான் அவருடைய பைக்கின் பின்னிருக்கையைப் பயன்படுத்திக்கொண்டேன். ஒருமுறை கீழ்பென்னாத்தூரில் எனக்கு மேடை. ஊருக்குக் கிழக்கே போக வேண்டிய பைக், மேற்கே செங்கத்தை நோக்கித் திரும்பியது.

"அண்ணா, கீழ்பென்னாத்தூர் அந்தப் பக்கம்."

"தெரியும். அடை இந்தப் பக்கம்."

அடையைத் தின்று முடித்து நாங்கள் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது நடுவர் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். நான் பேசாமலேயே என் அணி வென்றிருந்தது. அது எப்படி நேர்ந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

புதிய உணவகங்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கென்று ஒரு வழிமுறை இருந்தது. பெயர்ப்பலகையைப் பார்க்க மாட்டார்; கூட்டத்தைப் பார்க்க மாட்டார்; கைப்பேசியில் பிறர் போடும் நட்சத்திரங்களையும் பார்க்க மாட்டார். ஓட்டலில் சமைக்கும் மாஸ்டர் தன் பசிக்கு எங்கே போகிறார் என்று மட்டும் பார்ப்பார். போளூரில் ஒரு பரோட்டா மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு சைக்கிளில் கிளம்ப, இவர் பின்தொடர்ந்தார். மாஸ்டர் வேகம் கூட்டினார், இவரும் கூட்டினார். மாஸ்டர் சந்துக்குள் புகுந்தார், இவரும் புகுந்தார். கடைசியில் மாஸ்டர் ஒரு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"யாருங்க நீங்க? நான் என்னங்க பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலங்க. இன்னிக்கு உங்க வீட்ல என்ன கொழம்பு?"

கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் என்று பதில் வந்தது. கதவு திறந்தது, இலையும் விழுந்தது. அன்றுமுதல் அந்த மாஸ்டரின் மனைவி, தாம் ஓர் உணவகம் நடத்துவதை அறியாமலே, அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்றை நடத்திவந்தார்.

ரமணாசிரமம் பகுதியில் வெளிநாட்டவர் அமர்ந்து உண்ணும் கஃபே ஒன்றுக்கும் என்னை அழைத்துப்போனார். அங்கே நம்முடைய பழைய சோற்றை மண்சட்டியில் போட்டு, மேலே ஒரு செம்பருத்தியைச் செருகி, வாயில் நுழையாத பெயரிட்டுக் கொடுத்தார்கள். இவர் பூவை எடுத்துப் பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்கார அம்மையாரிடம் மரியாதையாக நீட்டிவிட்டு, பரிமாறிய பையனைக் கூப்பிட்டார்.

"வெங்காயம் எங்கப்பா?"

"சார், இந்த ஐட்டத்துக்கு வெங்காயம் வராது."

"அப்ப வர வெப்போம்," என்று சட்டைப் பையிலிருந்து உரித்த சின்ன வெங்காயம் இரண்டை எடுத்தார். அம்மையாருக்கும் ஒன்று கொடுத்தார். அடுத்த வாரம் அந்த உணவு, பூ இல்லாமல் வெங்காயத்தோடு வந்தது. இந்த ஊரில் நடந்த சீர்திருத்தங்களுள் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு.

அவரிடம் ஒரே ஒரு குறை. பொய் சொல்லத் தெரியாது. ஆரணியில் அரிசி ஆலை முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் இழுத்துப்போயிருந்தார். கடைசிப் பந்தியில் முதலாளியே கைகூப்பி வந்து, "சாப்பாடு எப்படிங்க?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. இவர் வேறொன்றைச் சொன்னார்.

"சாம்பாருக்கு பருப்ப காட்டிட்டு திருப்பி எடுத்துட்டாங்களாங்க?"

பாயசம் வரும்வரை காத்திருக்காமல் நாங்கள் வெளியேறினோம். அந்த முதலாளியின் முகத்தை இனி என் வாழ்நாளில் பார்க்க வேண்டியிராது என்று நம்பினேன்.

என் அக்காவின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று அந்த முதலாளியைத்தான் அறிமுகப்படுத்தினார்கள்.

அன்று பௌர்ணமி. காலையில் தட்டு மாற்றி முடிந்ததும் பெரியப்பா எழுந்தார். "வந்ததே வந்தோம், மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறோம். கல்யாணத் தேதிய சாப்பிட்டுட்டு பேசிக்கலாம்," என்று தம் ஊர் ஆட்கள் ஒரு வேன் நிறையப் பேரோடு கிரிவலம் கிளம்பிவிட்டார். அப்பா நேரே சமையல்காரரிடம் போனார்.

"பௌர்ணமி மாஸ்டர். வழியெல்லாம் அன்னதானம். பொங்கல், லெமன் சாதம், சுண்டல்னு தின்னுட்டுதான் வருவாங்க. கம்மியா போடுங்க, போதும்."

கிரிவலம் போய்வந்த விருந்தாளிக்கு அரை வயிறு சோறு என்பது எங்கள் ஊரில் பிறந்த எவரும் போடுகிற கணக்கு. அது ஒருபோதும் தவறியதில்லை. ஆனால் பெரியப்பா ஆரணிக்காரர். சுற்றி முடிக்கும்வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது அவருடைய விரதம். கூட வந்தவர்களையும் ஒரு சுண்டலைத் தொட விடவில்லையாம்.

பிற்பகலில் அவர்கள் மாடிப்பந்தலில் வந்து உட்கார்ந்தபோது அந்த முகங்களைப் பார்த்த சமையல்காரர் அண்டாவைப் பார்த்தார். தெருக்காரர்கள் முந்தைய பந்திகளில் சாம்பாரை முடித்திருந்தார்கள். பொரியல் இல்லை, வடை நினைவாகிவிட்டது. சோறும் அப்பளமும் ஊறுகாயும், வெந்நீர் ஊற்றிப் பெருக்கிய ரசமும் இருந்தன.

"இத போட்டா தேதி வராதுடா, தட்டுதான் திரும்பி வரும்," என்றார் அம்மா என் காதில். படிக்கட்டுக் கதவோரம் அக்கா நிச்சயப் புடவையோடு நின்றாள். புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரசவாளி என் கையில். சோற்றின்மேல் ஊற்றினேன். பெரியப்பா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாம்பார் இல்லீங்களா? எடுத்த எடுப்புல ரசமா?"

எத்தனையோ மேடைகளில் எதிரணியின் வாயை அடைத்தவன் நான். அன்று வாளியில் இல்லாத பருப்பைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெரியப்பாவின் கண் எதிர்வரிசைக்குப் போனது. அங்கே, எந்தப் பந்தி கடைசியோ அந்தப் பந்தியில், அவர் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க வீட்டு சாம்பாருக்கு தீர்ப்பு சொன்னவராச்சே. மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. சொல்லுங்க, என்னா விருந்துங்க இது?"

அப்பா அப்பளக் கூடையோடு அப்படியே நின்றார்.

கடைசிப் பந்தி நிதானமாக ஒரு வாய் உண்டார். "எங்க ஊர்ல இதாங்க முறை. மலைய சுத்தி வந்தவங்களுக்கு மொதல்ல ரசந்தான். காலி வயித்துல பருப்பு விழக்கூடாது. தெரிஞ்ச வீடுங்கதான் இத செய்யும்." இன்னொரு வாய். "அப்புறம் இந்த ரசம் இருக்கே, இந்த ஜில்லாவுல இப்டி ஒரு ரசத்த நான் குடிச்சதில்லீங்க."

பெரியப்பா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டார். பிறகு என் பக்கம் இலையைத் தள்ளினார். "அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்து தம்பி." அடுத்தடுத்த இலைகளும் கேட்டன. ரசம் தீர்ந்தது, மோர் வந்தது, கை கழுவியதும் தை மாதத்தில் தேதி வந்தது. இப்போது ஆரணிப் பக்கம் அந்தக் குடும்பத்தில் யார் கிரிவலம் போய்வந்தாலும் முதலில் ரசம்தான் ஊற்றுகிறார்கள் என்று அக்கா சொல்கிறாள். முன்னோர் வழக்கமாம்.

மாலையில் அவரைப் பைக் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

"ரசம் உண்மையில எப்படி இருந்துச்சு அண்ணா?"

"மூணு வாட்டி வெந்நீர் ஊத்தியிருக்கான். ரெண்டோட நிறுத்தியிருக்கலாம்," என்றார், பைக்கை உதைத்துக்கொண்டே.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பந்தியில் அதைச் சொல்லும்போது இலையைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. தலையை நிமிர்த்தி, பந்தலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.