வெள்ளிக்கிழமை வரைக்கும் என் எரு இல்லை

“அசுத்தமாம்! எரு அசுத்தமாம்! இதைச் சொல்லுறதுக்கு ஒரு தமுக்கு, அதை அடிக்கிறதுக்கு ஒரு ஆளு!”

அழகம்மாள் இடுப்பிலிருந்த சாணிக்கூடையை இறக்கவே இல்லை. தெருவில் தமுக்கடித்துக்கொண்டு நின்ற தலையாரி அய்யாக்கண்ணுவைப் பார்த்துத்தான் இத்தனை கோபமும்.

“என்மேல ஏன் ஆத்தா பாயுற? சர்க்கார் சொன்னதை நான் சொல்லுறேன். போன கோடையில வாந்திபேதி கண்டுச்சுல்ல, அதுக்கு ஈதான் காரணமாம். எரு இருந்தா ஈ வருமாம். வீட்டுக்கிட்ட எருமேடு வச்சிருக்கிறவுக ஊருக்கு வெளிய கொண்டுபோயிரணும். சுகாதார இன்ஸ்பெக்டரு இந்த வாரத்துல எப்ப வேணும்னாலும் வருவாரு. ஆளு தெரியாம வேட்டி கட்டிக்கிட்டுக்கூட வருவாராம். மேட்டைக் கண்ட எடத்துல அஞ்சு ரூவா அபராதம்.”

“போன கோடையில இந்தத் தெருவுல ஏழு பொணம் போச்சே, அன்னைக்கு எங்க போயிருந்தாரு ஒங்க இன்ஸ்பெக்டரு? குடிதண்ணிக்கு ஒரு கிணறு வெட்டிக் குடுங்கன்னு புதுக்கோட்டைக்கு மனு எழுதிப் போட்டமே, அது எங்கிட்டுப் போச்சு? மாடு குளிக்கிற ஊருணித் தண்ணியைத்தான இன்னமும் குடிக்கிறோம்? அதையெல்லாம் விட்டுட்டு என் எருவை அளக்க வாராராக்கும்!”

“அதுக்கெல்லாம் தமுக்குல பதில் இல்லை ஆத்தா” என்று சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டினான்.

வேறு வாரமாக இருந்தால் அழகம்மாள் நாலு திட்டுத் திட்டிவிட்டு எருவைத் தள்ளிப் போட்டிருப்பாள். இந்த வாரம் முடியாது. வெள்ளிக்கிழமை அவள் மகள் செவந்தியைப் பெண் பார்க்க ஆவுடையார்கோவில் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை ஒரே மகன். இரண்டு கமலைக் கிணறு, ஏரிக்கரையை ஒட்டி நஞ்சை. இப்படி ஓர் இடம் இன்னொரு தடவை வாசலுக்கு வராது. சம்பந்தத்தைக் கொண்டுவந்த சிவசாமி, அழகம்மாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வேலையாகத் தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது அழுத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“அக்கா, அவுக நகையைப் பாக்க மாட்டாக. நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கிறலாம். சீலையைப் பாக்க மாட்டாக. வாசல்ல எருமேடு எம்புட்டு ஒசரம்னுதான் பாப்பாக. எருவை எவனும் இரவல் வாங்க முடியாதுல்ல? எரு இருந்தா மாடு இருக்கு, மாடு இருந்தா நெலம் இருக்கு. அம்புட்டுத்தான்.”

அந்த விஷயத்தில் அழகம்மாளுக்குக் கவலையே கிடையாது. ஏழு மாடுகள் ஒரு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த மேடு. அவள் வீட்டுக்கும் பக்கத்திலிருந்த ஓரகத்தி முனியாயி வீட்டுக்கும் நடுவில், தெருவைப் பார்த்தபடி, ஆள் உயரத்துக்கு நின்றது. கறம்பக்குடிச் சந்தைக்குப் போகிறவர்கள் அதைத்தான் அடையாளம் சொல்லி வழி கேட்பார்கள்.

“பேசாம வண்டியில ஏத்தி ஊருக்கு வெளிய அடிச்சிருவமா?” என்றான் அவள் புருஷன் சோலையப்பன்.

“அடிச்சுப்புட்டு வாரவுகளுக்கு எதைக் காட்டுறது? ஒங்க மீசையையா?”

“அப்ப அபராதம்?”

“ஒரு அம்மன்காசு குடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது நம்ம எரு இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு நம்ம எரு. சனிக்கிழமை வெளிய அடிச்சுக்கிருவம்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரு எரு?”

அழகம்மாள் பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

முனியாயி சோலையப்பனுடைய தம்பி பெண்டாட்டி. அந்த மனுஷன் போன கோடையில் போன ஏழு பேரில் ஒருவன். இப்போது அந்த வீட்டில் முனியாயி, அவள் மகள் அமராவதி, ஒரு வெள்ளாடு. அவ்வளவுதான்.

“தாலியறுத்தவளுக்கு எந்த சர்க்காரும் அபராதம் போடாதுடி. கேட்டா ஒன் எருன்னு சொல்லிரு” என்றாள் அழகம்மாள்.

“அக்கா, எங்கிட்ட இருக்கிறது ஒரு ஆடு. அது இம்புட்டுப் போட்டுச்சுன்னா நம்புவாகளா?”

“வாரவன் பட்டணத்துக்காரன். ஆடு எம்புட்டுப் போடும்னு அவனுக்குத் தெரியவா போகுது?”

முனியாயி தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு அந்த ஈயைக் கண்டாலே நெஞ்சு பதறுதுக்கா. மேட்டை அப்பவே தள்ளிப் போட்டிருந்தா, அவுக…”

அழகம்மாள் அவள் முகத்தை நிமிர்த்தினாள். பிறகு சொன்னாள்: “சனிக்கிழமை தள்ளிருவம்டி. என் மகமேல சத்தியம்.”

செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுதில் ஆள் வந்துவிட்டார். வேட்டிக்கு மேல் கோட்டு, கையில் குடை, காலில் புதுச் செருப்பு. வழியோடு போகிறவர் மாதிரி வந்தவர், மேட்டைக் கண்டதும் நின்றார். அந்தப் பக்கம் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு நடை. குடையை மடக்கி நுனியால் எருவைக் குத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. உருவி எடுத்து மோந்து பார்த்தார்.

கதவிடுக்கில் நின்ற அழகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மோந்துல்ல பாக்குறான்! இதுக்குத்தான் இங்கிலீசு படிச்சானாக்கும்!”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். “என்ன வேணுங்க?”

“இது சோலையப்பன் வீடுதான ஆத்தா?”

பேர் வரைக்கும் எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறான்! “ஆமாங்க.”

“எரு ஒங்களுதா?”

“எங்களுக்கு ஏதுங்க எரு? மாடு இருந்தால்ல எரு இருக்கும்! இது பக்கத்து வீட்டு முனியாயியோடது.”

அந்த நேரம் பார்த்தா அந்த மாடுகள் கத்த வேண்டும்? கொல்லைக் கொட்டகையிலிருந்து ஒன்று கூப்பிட, மற்றது பதில் சொல்ல, ஏழும் கச்சேரி வைத்தன.

“அது?”

“அதுவும் முனியாயி மாடுதாங்க. அங்கிட்டு எடம் பத்தலைன்னு இங்கிட்டுக் கட்டியிருக்கா.”

“சோலையப்பனுக்குன்னு ஒண்ணும் இல்லையா?”

“கோவணத்தைத் தவிர ஒண்ணும் இல்லைங்க.”

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கைக்கு வந்த அபராதம் நழுவுகிற ஏமாற்றம் என்று அழகம்மாளுக்குப் பரம திருப்தி. போகும்போது திரும்பி மேட்டைப் பார்த்து, “இப்புடித் தெருவுல கிடக்கே, யாரும் அள்ளிக்கிட்டுப் போயிர மாட்டாகளா?” என்றார்.

“சர்க்காரே அள்ளிரும்னு மெரட்டுறான் பாத்தியா?” என்றாள் அழகம்மாள் மகளிடம், அவர் தலை மறைந்ததும். “நோட்டுல ஒரு எழுத்து எழுதலை. எல்லாத்தையும் மனசுல எழுதிக்கிட்டுப் போறான். பொல்லாதவன். நாளைக்கு மறுபடி வருவான்.”

வந்தால் மாடு இங்கே நிற்கக் கூடாதே? அன்று சாயங்காலமே ஏழு மாடுகளையும் ஓட்டிக்கொண்டுபோய் முனியாயி கொல்லையில் கட்டினார்கள். காளை ஒன்று கட்டிய மறு நிமிஷம் அவள் பரங்கிக்கொடியை வேரோடு தின்றது. வெள்ளாடு பயந்து அடுப்படிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

“ஏ புள்ள, பொய் ஒண்ணு சொன்ன, மாடு ஏழு போச்சு” என்றான் சோலையப்பன்.

“நீங்க வாயை மூடிக்கிட்டு முளைக்குச்சியை அடிங்க.”

புதன்கிழமை சொல்லிவைத்தாற்போல் வந்தார். நேரே முனியாயி கொல்லைக்குப் போய்க் காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அழகம்மாள் முணுமுணுத்தாள்: “மாட்டுக்கும் வாந்திபேதி கண்டிருக்கான்னு பாக்குறான் போல. மனுசனுக்குப் பாக்க நாதியில்லை.”

“இம்புட்டு எரு எந்த வயலுக்கும்மா போகுது?” என்று கேட்டார் அவர்.

முனியாயி திரும்பி அழகம்மாளைப் பார்த்தாள். எரு முனியாயியுடையது, வயல் மட்டும் தங்களுடையது என்றால் குட்டு வெளிப்பட்டுவிடாதா? அழகம்மாள் வேலிமேல் எட்டிக் குரல் கொடுத்தாள்.

“ஊருணிக்குக் கீழ கெடக்குல்லங்க, அம்புட்டும் அவ வயக்காடுதாங்க!”

“இந்த வைக்கப்போரு?”

“மாடு அவளுது, வைக்கல் மட்டும் எங்களுதா இருக்குமாங்க?”

“நீங்க எப்புடி ஆத்தா பொழைக்கிறீக?”

“அவ புண்ணியத்துலதாங்க!”

அவர் போன பிறகு செவந்தி தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆத்தா, மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான். என்னையும் அந்த வீட்டுக்குன்னு சொல்லிப்புடாத.”

“போடி! ஒனக்காகத்தானடி நான் இந்தப் பாடு படுறேன்!”

வியாழக்கிழமை அவர் குடையை ஊன்றிக்கொண்டு முனியாயி வாசலில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டார். துணி கட்டி மூடிய பானையிலிருந்து அமராவதி ஒரு செம்பில் மொண்டு வந்து கொடுத்தாள்.

“காச்சின தண்ணியா இது?”

“ஆமாங்க. அப்பா போனதுக்குப் பெறகு காச்சாம குடிக்கிறதில்லைங்க.”

அவர் அந்தப் பெண்ணை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் செம்பைக் காலி பண்ணினார். பிறகு வேலியோரம் வந்து அழகம்மாளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு என்ன வயசு ஆத்தா?”

அம்மை குத்துகிறவனும் போன மாசம் இதைத்தான் வீடு வீடாகக் கேட்டான். இன்றைக்கு ஏதாவது குறை கண்டுபிடித்து, முனியாயி அழுது, அழுகையில் உண்மையைக் கொட்டிவிட்டால்? அழகம்மாள் முந்திக்கொண்டாள்.

“பதினெட்டுங்க. அம்மை குத்தி ரெண்டு கையிலயும் தழும்பு இருக்குதுங்க. பொறந்ததுலருந்து ஒரு தலைவலி, காய்ச்சல்னு படுத்ததில்லைங்க. வீட்டுக்குள்ள ஒரு ஈ நுழையாது, அப்புடிப் பெருக்கி மொழுகுவா. பொறுமையான புள்ளை. இவளைப் போல இந்தச் சுத்துப்பட்டுல தேடினாலும் கெடைக்காதுங்க!”

மூன்று நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார். “சந்தோசம் ஆத்தா. சொந்தக்காரியே இப்புடிச் சொல்லுறதுன்னா பெரிய விசயம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

“முடிஞ்சுச்சுடி!” என்று அழகம்மாள் முனியாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அபராதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. சர்க்காரைக் கும்பிட வச்சு அனுப்பிட்டோம்ல!”

வெள்ளிக்கிழமை விடிந்தது. அழகம்மாள் மண்வெட்டியால் மேட்டின் ஓரங்களைச் சீவி, சரிந்ததை மேலே ஏற்றி, முன்னைவிட ஒரு சாண் உயர்த்தினாள். செவந்திக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். நல்ல நேரம் ஒன்பது மணிக்கு மேல்தான் என்பதால் மாடுகளை மெதுவாக அவிழ்க்கலாம் என்றிருந்தார்கள். எட்டு மணிக்கே தெருமுனையில் சலங்கைச் சத்தம் கேட்டது.

“வந்துட்டாக புள்ள! மாட்டை அவுக்கவா?” என்று சோலையப்பன் ஓடி வந்தான்.

“இப்ப அவுத்தா மானம் போயிரும்! மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கிருவம். எருவைப் பாத்தாப் போதும் அவுகளுக்கு. துண்டை ஒழுங்காப் போடுங்க!”

கால் கழுவத் தண்ணீர்ச் செம்போடு அவள் வாசலில் வந்து நின்றாள். கூண்டு வண்டி ஆடி அசைந்து வந்தது. எருமேட்டின் பக்கத்தில் வேகம் குறைந்தது. அழகம்மாள் முகமெல்லாம் பல்லானாள். வண்டி அவளைத் தாண்டி, மேட்டையும் தாண்டி, முனியாயி வாசலில் போய் நின்றது.

“அங்கிட்டு இல்லைங்க! இங்கிட்டு! சோலையப்பன் வீடு இதுதாங்க!”

யாரும் திரும்பவில்லை. பூ, பழம், தேங்காய்த் தட்டுகளோடு மூன்று பெண்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கோட்டும் குடையுமாக இறங்கியவரைப் பார்த்ததும் அழகம்மாளின் கையிலிருந்த செம்பு நழுவியது.

இன்ஸ்பெக்டர்!

வழியில் எங்கேயோ வண்டியில் தொற்றி ஏறியிருக்கிறான். சம்பந்தக்காரர்கள் காதில் என்னத்தையோ ஓதி அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிட்டான். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“இந்தாய்யா இன்ஸ்பெக்டரு! ஒனக்கு அபராதந்தான வேணும்? எழுதிக்க! எரு என்னுது! மாடு ஏழும் என்னுது! வயக்காடு என்னுது, வைக்கப்போரு என்னுது! அவகிட்ட இருக்கிறது ஒரு வெள்ளாடு! அஞ்சு என்ன, அம்பது ரூவா எழுதிக்க, குடுக்கிறேன்! குடிக்கத் தண்ணிக்கு வழி பண்ணாத சர்க்காருக்கு, என் வீட்டுக்கு வந்த விருந்தாளியை அடுத்த வீட்டுக்குத் திருப்ப மட்டும் சட்டம் இருக்கா? நல்லாருக்கா ஒனக்கு?”

தெரு முழுக்கக் கூடிவிட்டது. முனியாயி வாசற்படியில் வந்து நின்றாள். அவர் அழகம்மாளை இரக்கத்தோடு பார்த்தார். இல்லாதவளுக்கு நல்ல நாளில் வருகிற பொருமல்தானே என்று நினைத்தவர் போல் செருப்பைக் கழற்றிவிட்டு முனியாயி வீட்டுக்குள் போனார்.

நுகத்தடியை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன்தான் தலையை நிமிர்த்திக் கேட்டான்.

“ஏன் ஆத்தா, மாப்பிள்ளையோட அப்பாவைப் போயி இன்ஸ்பெக்டருங்குற? சம்பந்தம் பேசின சிவசாமி சொன்னதை நம்பாம, மூணு நாளாக் கறம்பக்குடியில தங்கி ஒன் வாயாலயே விசாரிச்சுட்டுல்ல மனுசன் இந்த வீட்டுக்கு வண்டியைக் கட்டச் சொன்னாரு!”