மேஜருக்குத் தோண்டிய குழி

வடக்கு மேய்ன்,
நவம்பர், திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி வில்பருக்கு,

அக்கா அல்தியா எழுதுவது. இங்கே நான் நலம்; என் முழங்கால்களின் கருத்து வேறு. அரிசோனாவில் நீயும் உன் மனைவி டெல்ஃபீனும் நலமாகவும் வெயிலில் நன்றாகக் கறுத்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கள்ளிச்செடிப் படம் வந்து சேர்ந்தது. நன்றி சொல்வது மரியாதை, சொல்லிவிட்டேன்.

ஒரு கோடைக்கு மட்டும் பார்த்துக்கொள் என்று நீ என்னிடம் விட்டுப்போய், பிறகு ஒரு கோடையிலும் அழைத்துப்போக வராத உன் குதிரை மேஜர், வருகிற வியாழக்கிழமை காலை இறக்கப் போகிறான். கால்நடை மருத்துவர் ஊசியோடு வருகிறார். அவனுக்கு நோய் ஒன்றுமில்லை. வயது முப்பதைத் தொடுகிறது, பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன; போன பிப்ரவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவனை அக்கம்பக்கத்தார் பட்டைகளும் டிராக்டருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். மறுபடி விழுந்தால் எழமாட்டான். அப்போது நிலம் உறைந்து இரும்பாக இறுகியிருக்கும், குழி தோண்ட முடியாது. மே மாதம் வரை அவனைத் தார்ப்பாயால் மூடி வைத்து, காட்டு நாய்களை நான் விளக்குமாற்றால் விரட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவேதான் இங்கே கிழட்டுக் குதிரை வைத்திருப்பவர்கள் மண் இளகியிருக்கும்போதே குழியைத் தோண்டி, முடிவையும் செய்துவிடுகிறார்கள். நீயும் இங்கே வளர்ந்தவன், உனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான், "உனக்கு எது சரின்னு படுதோ செய்க்கா, எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, டெல்ஃபீன் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாய். அவள் கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

குழி தோண்டத் தர்லோவை அழைத்தேன். என்னிடம் லத்தீன் படித்து, அதாவது படிக்காமல், இன்று மண் தோண்டும் இயந்திரம் வைத்துக் கௌரவமாகப் பிழைக்கிறவன். வந்தவன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே மேஜரிடம் போய் மார்பிலிருந்து வால்வரை அளந்தான்.

"ஏண்டா, அவன் முன்னாடியே நின்னு அளக்கறியே, வெக்கமா இல்ல?"

"தையக்காரன் வந்திருக்கான்னு நெனச்சுக்குவான் டீச்சர். குளிருக்குக் கோட்டு தைக்கறாங்கன்னு சந்தோஷப்படட்டுமே."

"வகுப்புல இந்த மூளை எங்க போச்சு?"

"அப்பவும் இருந்துச்சு டீச்சர். நீங்கதான் கேக்கல."

ஆப்பிள் மரத்துக்கு அப்பால் குழி தயாரானது. அதன் பிறகு இந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. வழக்கம்போலக் குளிர் உள்ளே புகாமலிருக்க வீட்டின் அடிச்சுவரைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தேவதாருக் கிளைகளைச் சாய்த்தேன். மறுநாள் பார்த்தால் என் ஆடுகள் மினர்வாவும் ஜூனோவும் வேலியைத் தாண்டி வந்து வடக்குப் பக்கத்தை முழுவதும் தின்றுவிட்டிருந்தன, அதாவது என் சமையலறையின் கதகதப்பு அவற்றின் வயிற்றில் இருந்தது, விரட்டியபோது ஜூனோ கோழிக்கூட்டின் மேல் ஏறிக் கூரைத் தகட்டைப் பெயர்த்தாள், மினர்வா பின்வாங்கிப் பின்வாங்கிப் புதுக் குழிக்குள் விழுந்தாள். அவளை வெளியே எடுக்க ஏணி வைத்து நானே இறங்கினேன். அவள் என் முதுகில் கால் வைத்து ஏறிப் போய்விட்டாள். நான் உள்ளே நின்றேன். குதிரைக்கு அளவெடுத்த குழி ஒரு கிழவிக்கு எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

அடுத்தது மான் வேட்டைக் காலத்தின் முதல் நாள். எதைக் கண்டாலும் மானென்று சுடும் நகரத்து வேட்டைக்காரர்கள் வருகிறார்களே என்று ஆடுகளுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிவிட்டு, தண்ணீர் வாளியோடு ஆப்பிள் மரத்தைக் கடந்தால், மேஜரின் குழியிலிருந்து ஒரு தொப்பி எழுந்தது. தொப்பிக்குக் கீழே பாஸ்டன்காரர் ஒருவர், துப்பாக்கியோடு.

"குட் மார்னிங் மேடம்! பதுங்க அருமையான இடம். யார் தோண்டினது?"

"அது பதுங்கற இடமில்ல. குதிரையப் புதைக்கிற குழி."

"ஐயோ பாவம். எப்ப செத்துச்சு?"

"இன்னும் சாகல. அதோ, உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்குது."

அவர் மேஜரைப் பார்த்தார். மேஜர் அவரைப் பார்த்தான். பாஸ்டன்காரர் காப்பிக் குடுவையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் சாலையை நோக்கி நடையைக் கட்டினார்.

வில்பர், நான் கண்ணீர் விடுகிறவள் இல்லை. என் கணவரின் அடக்கத்தில்கூடப் பாதிரியாரின் இலக்கணப் பிழைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் இந்தக் காரியத்தில் எனக்கு மனம் சமாதானமாகவில்லை. நோயில் கிடப்பவனை விடுவிப்பது எனக்குப் புரியும். காலையில் என் கோட்டுப் பையில் ஆப்பிள் தேடுகிறவனை, ஆடுகள் இரண்டும் ஒட்டிப் படுத்துக் குளிர்காய வயிற்றைக் கொடுக்கிறவனை, மண்ணின் வசதிக்காகக் கொல்கிறோம். எத்தனை விதமாக யோசித்தாலும் கணக்கு சரியாகவே வருகிறது. சரியாக வருவதுதான் வருத்தமாக இருக்கிறது. முடிவு செய்தாயிற்று. நீ வரவேண்டியதில்லை. நீ வரமாட்டாய் என்பதால் இதைப் பெருந்தன்மையோடு எழுதுகிறேன்.

டெல்ஃபீனுக்கு என் விசாரிப்புகள். கடவுள் உங்களுக்கு நிழலையும், நிழலில் உட்காரும் புத்தியையும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் தமக்கை,
அல்தியா

பின்குறிப்பு: இது புதன்கிழமை. தபாலில் சேர்க்கவில்லை, ஆகவே மேலே உள்ளதைப் படித்துவிட்டு மறந்துவிடு. நாளைக்கு ஒத்திகையாக இன்று மேஜரைக் குழியின் விளிம்புவரை நடத்திப் போனேன். செத்த குதிரையை இழுக்க முடியாது, தானே நடந்து வந்து நிற்கவேண்டும் என்பார்கள். வந்தான். குனிந்து உள்ளே பார்த்தான். நிதானமாகத் திரும்பி நின்று, தன் அபிப்பிராயத்தைச் சுடச்சுட அதில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். நான் மருத்துவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தர்லோவைக் கூப்பிட்டேன்.

"இப்ப மூடிட்டா மே மாசம் வரைக்கும் என் மிஷினோட பல்லுகூடப் பதியாது டீச்சர்."

"தெரியும். மூடு."

"பிப்ரவரியில விழுந்துட்டான்னா?"

"விழக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"கேப்பானா?"

"உன்னவிடக் கேப்பான்."

மூடிவிட்டான். இரவிலிருந்து நிலம் இறுகும் என்கிறார்கள். செய்தது தவறு, வில்பர், எனக்கு நன்றாகவே தெரியும். நாளை வருந்துவதற்குப் பதிலாகப் பிப்ரவரியில் வருந்தலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். நம் ஊர்க் கல்லறையிலும் மே வரை யாருக்கும் தோண்டமாட்டார்கள். நடுவில் இறந்துபோகிறவர்களைச் சவப்பெட்டியோடு அங்குள்ள கற்கூடத்தில் வரிசையாகக் காக்க வைக்கிறார்கள். எனக்கு வரிசையில் நின்று பழக்கமில்லை. ஆகவே இந்தக் குளிர்காலத்தில் இந்த வீட்டில் யாரும் இறப்பதாக இல்லை. ஒரு நல்ல குதிரைக் கம்பளி மட்டும் வாங்கி அனுப்பு, மேஜர் அளவில். அளவு தர்லோவின் கயிற்றில் இருக்கிறது.